பையில் எத்தனை மடக்குக் கத்தி?

கடலூர் துறைமுகத்தில் வலை, கயிறு என்று வேலை இருப்பவருக்கு இரண்டு மடக்குக் கத்தி வீண் சுமை இல்லை. நைலான் கயிற்றுக்கு ரம்பப் பல் வைத்தது. பழம் நறுக்க 7 செ.மீ. அலகில் பல் இல்லாதது. ஒன்றையே இரண்டுக்கும் வைத்தால் கயிற்றிலுள்ள மணல் கூர்மையை மழுக்கிவிடும், அப்புறம் தக்காளி நசுங்கும். மூன்றாவது? பேன்ட் பை கிழியத்தான் உதவும்.

ஸ்டெயின்லெஸ் என்றாலும் உப்புக்காற்று விடாது. கண்ணுக்குத் தெரியாத மடிப்பு ஆணியில்தான் உப்பு தங்கும். இரவில் நல்ல தண்ணீரில் நாலைந்து முறை திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஆணியில் ஒரே சொட்டு தையல் மெஷின் எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து இறுகிவிடும். பழக்கத்தியில் மட்டும், அலகில் பட்ட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். திறந்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு இல்லாத கத்தியால் எதையும் குத்தாதீர்கள்: மடங்கினால் விரல்தான்.