பலகைக்குக் காத்திருந்தேன், பலப்பம் வந்தது

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பதிப்பகம் பிடிஎஃப் அனுப்பும். அதில் பேனாவால் குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். 'கேட்டு கொண்டான்' என்று இருந்தால் நடுவில் ஒரு கூரை போட்டு மேலே 'க்' எழுத வேண்டும். 'அறிவிற்க்கு' என்று இருந்தால் நடுவில் நிற்கும் 'க்'கை அடித்து, ஓரத்தில் ஒரு சுழி. 2019 வரை இதையெல்லாம் தாளில்தான் செய்தேன். அந்த ஆண்டு ஜூலையில் ஒரு பெரிய அகராதி வேலைக்குக் கிடைத்த பணத்தை அப்படியே கொண்டுபோய் 11 அங்குல ஐபேட் ப்ரோ வாங்கினேன். 2018 அக்டோபரில் அறிவித்த மாடல், 64 ஜிபி, விலை 71,900 ரூபாய். கூடவே, அதன் திரையில் எழுத, 10,900 ரூபாய்க்கு இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில். இரண்டு தொகையையும் கூட்டி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றரை ஆண்டுகள் அது என்னோடு உழைத்தது. 2023 தொடக்கத்தில் பேட்டரி தளர ஆரம்பித்தது. நாள் முழுக்கத் திறந்து வைத்து வேலை வாங்கினால் எந்த பேட்டரியும் தளரும், அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. காலையில் நூறு இருக்கும். சாப்பிட எழுந்திருக்கும்போது இருபது. மின்கம்பியோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வது, குழாய் சொருகிய நோயாளியைத் தூக்கி வைத்திருப்பதுபோல இருந்தது. சரி, புதிது வாங்கிவிடலாம் என்று பிப்ரவரியில் கடைக்குப் போனேன். 2022 அக்டோபரில் வந்த எம்2 சில்லு உள்ள ஐபேட் ப்ரோ 81,900 ரூபாய்க்கு இருந்தது. என் பழைய பென்சிலை அதில் ஒட்டிப் பார்த்தேன். உடனே இணைந்தது. பணத்தை எடுக்கும் முன் அக்கா மகனுக்கு ஒரு போன் செய்தேன். நான் செய்த தவறு அதுதான்.

"வாங்காதீர்கள், சித்தி" என்றான். "இது 2018 உடம்புக்குள் புதிய சில்லு, அவ்வளவுதான். அடுத்து வருவது முழுக்கப் புதிய வடிவம். ஓஎல்இடி திரை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கொஞ்சம் பொறுங்கள்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவன் சொல்லாத ஒன்று, எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பது. 2010-இல் முதல் ஐபேட் வந்ததிலிருந்து, ஒரு புதிய ஐபேட்கூட வெளிவராமல் போன முதல் ஆண்டு 2023. நான் காத்திருக்கத் தேர்ந்தெடுத்த ஆண்டு அது. மழைக்காகக் காத்திருப்பவன் பஞ்சம் வந்த ஆண்டைப் பார்த்துப் பயிர் வைத்த கதை.

அக்டோபரில் ஒரு பரபரப்பு எழுந்தது. இந்த வாரம் புதிய ஐபேட்கள் உறுதி என்று செய்திகள். 17-ஆம் தேதி ஆப்பிள் ஏதோ அறிவித்தது. பார்த்தால் ஒரு பென்சில். யுஎஸ்பி-சி துளை உள்ள, விலை குறைந்த பென்சில். அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்காது, காந்தத்தில் ஒட்டும், ஆனால் ஒட்டிய இடத்தில் சார்ஜ் ஏறாது. என்னிடம் இருப்பதைவிட எல்லா வகையிலும் ஒரு படி கீழே. பலகை வரும் என்று எட்டு மாதம் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு பலப்பத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அன்று இரவு அக்கா மகன் போன் செய்யவில்லை.

அதற்குள் எனக்கும் அந்தப் பித்து தொற்றிக்கொண்டது. வதந்தி எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தொழில் புத்தி. ஒரு பிழையைக் கண்டால் அது தட்டச்சில் நேர்ந்ததா, மூலப்படியிலேயே இருந்ததா என்று பார்க்காமல் விடமாட்டேன். இங்கேயும் மூலங்கள் சில வகைதான். திரை எங்கே தயாராகிறது என்பதை ஒட்டி வருவது ஒரு வகை: ஐபேட் ப்ரோவின் ஓஎல்இடி திரையைச் செய்தவை சாம்சங், எல்ஜி ஆகியவற்றின் திரை நிறுவனங்கள். அங்கே உற்பத்தி தொடங்கியது, ஏற்றுமதி இத்தனை என்று திரைத் துறையை மட்டுமே கவனிக்கும் ராஸ் யங் போன்றவர்கள் சொல்வார்கள். இது பெரும்பாலும் பலிக்கும். கண்ணாடி லாரியில் ஏறிவிட்டால் அதை மறைக்க முடியாது. உறை செய்பவர்கள் கையில் கிடைக்கும் அளவுகள் இரண்டாவது. கேமரா எந்தப் பக்கம் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். மூன்றாவது, சோதனைக்கு வெளியிடும் மென்பொருளுக்குள் மறந்து விட்டுவைத்த வரிகள். 2024 வசந்தத்தில், ஐபேட்டை இயக்கும் மென்பொருளான ஐபேட்ஓஎஸ் 17.5-இன் சோதனைப் பதிப்பில், பென்சிலை விரலால் அழுத்திப் 'பிழிவது' பற்றிய குறிப்பு இருந்தது. படித்ததும் நானே எழுந்து உட்கார்ந்தேன். இவற்றுக்கெல்லாம் மேலே ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் நிருபர் மார்க் குர்மன். அவருக்கு உள்ளே ஆள் உண்டு. என்ன வரும் என்பதில் அவர் தவறுவது குறைவு. என்று வரும் என்பதில் எல்லோருமே சோதிடர்கள்தான். மார்ச் என்றார்கள். ஏப்ரல் என்றார்கள். மே முதல் வாரம் என்றார்கள்.

2024 மே 7. நம் நேரம் மாலை ஏழரை. சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டுப் பார்த்தேன். சொன்னபடி வந்தது. ஓஎல்இடி திரை, அதுவும் இரண்டு அடுக்கு. எம்4 சில்லு. கேமரா குறுகிய பக்கத்திலிருந்து நீண்ட பக்கத்துக்கு மாறியிருந்தது. பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி வரும் என்றார்கள், வந்தது. ஆனால் 1 டிபி, 2 டிபி வாங்குபவர்களுக்கு மட்டும். கண்ணாடி முதுகும் கம்பியில்லா சார்ஜும் வரும் என்று 2021-இலிருந்து சொல்லி வந்தது மட்டும் வரவேயில்லை. அதே நாளில், பியானோவையும் வண்ணப் புட்டிகளையும் இரும்புத் தட்டில் நசுக்கி ஐபேட்டாக்கும் ஒரு விளம்பரமும் வந்தது. இரண்டு நாளில் ஆப்பிள் அதற்கு வருத்தம் தெரிவித்தது. புத்தகத்தோடு வாழ்பவளுக்கு அதைப் பார்க்க வயிறு கலங்கத்தான் செய்தது. ஆனாலும் வாங்கத்தான் போனேன்.

கடையில் இருந்த பையனிடம் எம்4-ஐக் கேட்டு வாங்கிக் கையில் எடுத்தேன். மெல்லியதுதான். என்னுடையது 5.9 மில்லிமீட்டர், இது 5.3. வித்தியாசம் 0.6 மில்லிமீட்டர், நாம் அச்சிடும் சாதாரணத் தாள் ஆறு. எடையில் 468 கிராமுக்கு 444. பதினைந்து மாதக் காத்திருப்பு, ஆறு தாள். திரையோ உண்மையிலேயே அழகு, கறுப்பு என்றால் கிணற்றுக் கறுப்பு. என் கையில் இருந்த நாவலின் பிடிஎஃப்பை அதில் திறந்து, என் பழைய ஐபேட்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே பக்கத்தைப் பார்த்தேன். 'ண'வின் சுழிகள், 'ஞ'வின் கொம்பு, ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகள். எழுத்தின் கூர்மையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. தெரியாதுதான். 2018 திரையிலும் அங்குலத்துக்கு 264 புள்ளி, 2024 திரையிலும் அங்குலத்துக்கு 264 புள்ளி. இத்தனை மாதம் வதந்தி படித்ததில் இந்த ஓர் எண்ணை நான் தேடிப் பார்க்கவே இல்லை.

பிறகு பையிலிருந்து என் பென்சிலை எடுத்தேன்.

"மேடம், அது இதில் வேலை செய்யாது" என்றான் பையன்.

"2022 மாடலில் வேலை செய்ததே?"

"அதில் செய்யும். இதற்குப் பென்சில் ப்ரோ வாங்க வேண்டும். 11,900."

காரணத்தை அவனே காட்டினான். பென்சில் ஒட்டிச் சார்ஜ் ஏறும் இடம் நீண்ட பக்கம். கேமராவையும் அதே பக்கத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். இடம் போதாமல் உள்ளே காந்தங்களின் அமைப்பையே மாற்ற வேண்டி வந்தது, பழைய பென்சில் வெளியே நின்றுவிட்டது. கேமரா இடம் மாறும் என்ற வதந்தியை நான் எத்தனை முறை படித்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் மகிழ்ந்திருக்கிறேன். என் ஐபேட்டைப் படுக்கை வாட்டில் வைத்துக் காணொளியில் பேசினால் கேமரா இடது ஓரத்தில் இருக்கும். எழுத்தாளர்கள் "யாராவது வந்திருக்கிறார்களா?" என்று கேட்பார்கள், நான் அவர்களுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்துப் பேசுவதுபோல. அந்தக் கேமரா நகர்ந்தால் என் பென்சிலும் நகர வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் சுவரை இடித்துச் சன்னல் வைத்தால் அங்கே இருந்த அலமாரி எங்கே போகும் என்று கேட்கத் தெரிந்த எனக்கு.

கணக்குப் போட்டேன். ஐபேட் ப்ரோ 99,900, பென்சில் 11,900. மொத்தம் 1,11,800. அதே நாளில் அறிவித்த எம்2 ஐபேட் ஏர் 59,900. அதற்கும் அதே புதிய பென்சில்தான், ஆக 71,800. கடையில் ஏரிலும் எழுதிப் பார்த்தேன். அதன் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும், என்னுடையது 120. 'க்' போடும்போது மை பேனா முனைக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்தது. புதிதாக வாங்குபவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஐந்து ஆண்டு 120-இல் எழுதிப் பழகிய கைக்கு அது, பேசும்போது எதிரொலி கேட்பதுபோல. அப்படியானால் 2023-இல் கையில் வைத்திருந்த அந்த 81,900 ரூபாய் எம்2 ப்ரோ? கேட்டேன். சரக்கு தீர்ந்து பல வாரமாகிறது என்றான். என் பென்சிலை ஏற்றுக்கொண்ட கடைசி ஐபேட் ப்ரோ அதுதான். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் இதற்காகக் காத்திருந்தேன்.

வாங்காமல் திரும்பினேன். மறுநாள் செய்ததை 2023 பிப்ரவரியிலேயே செய்திருக்க வேண்டும்: அங்கீகாரம் பெற்ற ஒரு பழுதுபார்ப்பு நிலையத்துக்குப் போனேன். பழைய ஐபேட்களில் பேட்டரியின் நலத்தைக் காட்டும் பக்கம் அமைப்புகளில் கிடையாது. 2024-இல் வந்த மாடல்களிலிருந்துதான் அது இருக்கிறது. அவர்கள் சோதித்து 71 விழுக்காடு என்றார்கள். 80-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரி சேவைக்குத் தகுதி உண்டு. நான் நினைத்ததுபோல உடம்பைத் திறந்து பேட்டரியை மட்டும் மாற்றவில்லை. அதே மாடலில் வேறு ஐபேட்டையே கொடுத்துவிட்டு நம்முடையதை எடுத்துக்கொள்கிறார்கள். 1,11,800-க்கு முன்னால் அந்தக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை.

இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபியை நம்பிப் போகாதீர்கள். கம்பி போட்டுக் கணினியில் முழுக் காப்புப்படி எடுத்துக்கொள்ளுங்கள், கடவுச்சொல் போட்ட காப்புப்படியாக. அப்போதுதான் சேமித்து வைத்த கடவுச்சொற்களும் கூடவே வரும். தொலைந்த சாதனத்தைத் தேடித் தரும் 'ஃபைண்ட் மை'யை வீட்டிலேயே அணைத்துவிட்டுப் போங்கள். நான் அணைக்காமல் போனேன். ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் நினைவுக்கு வராமல், வரிசையில் பின்னால் நின்ற பத்துப் பேரின் பார்வையை முதுகில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போன் செய்து டைரியைத் தேடச் சொன்னேன். பிடிஎஃப்களின் மேல் போட்டிருக்கும் குறிகளை, சாதனத்தை ஒப்படைக்கும் முன் ஒரு முறை வேறு இடத்தில் திறந்து பாருங்கள். ஒரு செயலியில் குறி கோப்போடு சேராமல் தனியே நிற்கும். எனக்கு 140 பக்கத் திருத்தம் அப்படித் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் பார்த்ததால் பிழைத்தது.

2025 செப்டம்பரில் ஐபேட்ஓஎஸ் 26 வந்தது. 2018 மாடலுக்கும் கொடுத்தார்கள். சாளரங்களை விரும்பிய அளவுக்கு இழுத்து வைக்கலாம். மூலப்படி ஒரு பக்கம், மெய்ப்பு ஒரு பக்கம் என்று வைத்து வேலை செய்கிறேன். மூன்றாவதைத் திறந்தால் என் ஐபேட் பெருமூச்சு விடுகிறது, வயதுக்கு மதிப்புக் கொடுத்து மூடிவிடுகிறேன். அக்டோபரில் எம்5 ஐபேட் ப்ரோ வந்தது. முன்பக்கம் இரண்டு கேமரா, ஒன்று நிற்கும்போது, ஒன்று படுக்கும்போது என்று ஒரு வதந்தி இருந்தது. எனக்கென்றே எழுதியதுபோல இருந்தது. வரவில்லை. அதே 5.3 மில்லிமீட்டர் உடம்பு, அதே ஒற்றைக் கேமரா.

என் ஐபேட்டுக்கு மென்பொருள் வருவது நின்றால் அன்று யோசிப்பேன். அக்கா மகன் இப்போது மடிக்கும் ஐபேட் பற்றிச் சொல்கிறான். "பதினெட்டு அங்குலமாம், சித்தி. விரித்தால் ஒரு செய்தித்தாள் பக்கம்." ஆண்டைக் கேட்டேன். 2028 என்கிறார்களாம், அதற்குப் பிறகும் தள்ளிப் போகலாமாம். கேட்டுக்கொண்டே பென்சிலின் முனையைத் திருகிக் கழற்றினேன். தேய்ந்து, உள்ளே இருக்கும் உலோகம் ஒரு புள்ளியாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நான்கு முனை கொண்ட பொதி ஒன்று போன மாதம் வாங்கினேன். இன்னும் மூன்று இருக்கிறது.