பனியின் மேல் ஒரு கைப்பிடி நெருப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாலையில், பினாங்குக் கொடிமலையிலிருந்து மூன் கேட் பாதை வழியாக நாங்கள் ஐந்து பேர் இறங்கிக்கொண்டிருந்தபோது பெருமழை பிடித்துக்கொண்டது. எங்களில் மூத்தவரும், நான் அண்ணன் என்றே அழைத்துப் பழகியவருமான நண்பருக்கு வேர் தடுக்கிக் கால் பிசகியது. உதவிக்கு ஆள் வரும்வரை இரண்டு மணி நேரம் அவர் நனைந்த சட்டையோடு ஒரு பாறையில் சாய்ந்திருந்தார். அன்றைய வெப்பநிலை 23 அல்லது 24 டிகிரிக்குக் குறைந்திருக்க முடியாது. ஆனாலும் ஈரமும் காற்றும் சேர்ந்தபோது அவருடைய பற்கள் கிட்டித்தன. பேச்சு குழறத் தொடங்கியது. என் பையில் லைட்டர் இருந்தது. சுற்றிலும் காடு முழுக்க விறகு கிடந்தது. அப்படியிருந்தும் அவர் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொள்ள ஒரு சிறு நெருப்பைக்கூட என்னால் மூட்ட முடியவில்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கு ஆபத்து என்பதைப் பின்னர் படித்து அறிந்தபோது, அந்த மாலையை நினைத்து உண்மையாகவே நடுங்கினேன்.

அதனால்தான், சென்ற பிப்ரவரியில் அண்ணனும் நானும் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போனபோது, மூன்று நாட்களைப் பனிக்காட்டில் அவசர நெருப்பு மூட்டக் கற்பதற்கென்றே ஒதுக்கினோம். சப்போரோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள அசாஹிகாவா நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தங்கினோம். 1902ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் மைனஸ் 41 டிகிரி பதிவாகி, ஜப்பானிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை என்று இன்றும் அறியப்படும் நகரம் அசாஹிகாவா. தேசியப் பூங்காவுக்குள் நெருப்பு மூட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், தங்கும் விடுதிக்குச் சொந்தமான தோப்பிலேயே பயிற்சி நடந்தது. வழிகாட்டி அறுபது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர்.

பினாங்கிலிருந்து புறப்படும்போது, அங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலருகே வாங்கிய சூடக்கட்டிகளை எடுத்துப்போகலாம் என்று அண்ணன் விரும்பினார். எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்பதால் சூடத்தை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அதற்கு மாற்றாக, பஞ்சு உருண்டைகளில் வாசலின் தடவி ஒரு சிறு டப்பாவில் அடைத்துக்கொண்டோம். பஞ்சு மட்டும் என்றால் சில நொடிகளில் எரிந்து போகும்; வாசலின் ஊறிய பஞ்சு திரிபோல நின்று சில நிமிடங்கள் எரியும்.

முதல் நாள் காலை மைனஸ் 14 டிகிரி. பையின் வெளி அறையிலிருந்து லைட்டரை எடுத்துச் சொடுக்கினேன். பொறி பறந்ததே தவிரச் சுடர் வரவில்லை. லைட்டருக்குள் இருக்கும் பியூட்டேன் ஏறக்குறைய மைனஸ் அரை டிகிரியில்தான் கொதித்து வாயுவாகிறது. அதற்குக் கீழே அது திரவமாகவே தங்கிவிடுகிறது. வழிகாட்டி தம் உள்சட்டைப் பையிலிருந்து, உடற்சூட்டில் கிடந்த லைட்டரை எடுத்துக் காட்டினார். அது முதல் சொடுக்கிலேயே எரிந்தது. தீக்குச்சியும், உரசினால் பொறி பறக்கும் ஃபெரோசீரியம் கம்பியும் அவரிடம் தனித்தனி உறைகளில் இருந்தன. அந்தக் கம்பிக்குக் குளிரும் ஈரமும் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அதன் பொறியை ஏந்திக்கொள்ள மிக நுண்ணிய, முழுக்கக் காய்ந்த பொருள் வேண்டும்.

அந்தப் பொருளைத் தேடுவதில்தான் எங்கள் முதல் நாள் முழுவதும் கழிந்தது. வெள்ளைவெளேரென்று நிற்கும் பிர்ச் மரத்தின் மேற்பட்டை காகிதம்போல உரிந்து வருகிறது. இமயமலைப் பகுதியில் ஏடெழுதப் பயன்பட்ட பூர்ஜ மரமும் இதே இனம்தான். பட்டையில் எண்ணெய்ப்பசை மிகுந்திருப்பதால், பனி படிந்திருந்தாலும் துடைத்துவிட்டுக் கொளுத்தினால் கரும்புகை விட்டு எரிகிறது. என் பாட்டி தோட்டத்து லயத்து வீட்டில், மழைநாளில் அடுப்புப் பற்றாதபோது காய்ந்த ரப்பர்ப் பால் துண்டு ஒன்றைச் செருகிப் பற்றவைப்பார். அதே புகை, அதே பிடிவாதமான சுடர். கீழே விழுந்து இறந்துபோன மரத்தின் பட்டையை மட்டுமே எடுக்க வேண்டும் என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொன்னார். அடுத்து சுள்ளி. பனிக்குள் புதைந்து கிடப்பது எதுவும் உதவாது. ஊசியிலை மரங்களின் அடித்தண்டில், மேற்கிளைகளின் மறைவில், பட்டுப்போன மெல்லிய கிளைகள் நின்ற நிலையிலேயே காய்ந்திருக்கின்றன. வளைத்தால் ‘டக்’ என்று ஒடிவதே எடுக்கத் தக்கது. வளைந்து கொடுப்பதை விட்டுவிட வேண்டும். ஈர்க்குக் கனத்தில் ஒரு கட்டு, பென்சில் கனத்தில் ஒரு கட்டு, கட்டைவிரல் கனத்தில் ஒரு கட்டு என்று பிரித்து அடுக்கினோம். போதும் என்று நாங்கள் நிமிர்ந்தபோது, இதைப்போல மூன்று மடங்கு வேண்டும் என்றார்.

இரண்டாம் நாள் நானே தனியாக மூட்டினேன். காற்று அடங்கிய இடம் என்று ஒரு பெரிய மரத்தடியைத் தேர்ந்தேன். பனியைக் காலால் மிதித்து இறுக்கி, அதன்மேல் பட்டையையும் சுள்ளிகளையும் அடுக்கிப் பற்றவைத்தேன். அழகாகவே எரிந்தது. ஐந்து நிமிடத்தில் அடியிலிருந்த பனி உருகி, நெருப்பு ஒரு குழிக்குள் இறங்கிச் சீறத் தொடங்கியது. அதைக் காப்பாற்ற நான் குனிந்த நேரத்தில் அண்ணன், “தம்பி, மேல பாருங்க!” என்று கத்தினார். எழுந்த வெப்பத்தில் கிளையிலிருந்த பனி தளர்ந்து மொத்தமாக விழுந்தது. புகைகூட மிஞ்சவில்லை. கையுறையைக் கழற்றி வேலை செய்ததில் என் விரல்கள் மரத்துவிட்டன. இரண்டாவது தீக்குச்சியைப் பிடித்திருக்கிறேனா நழுவவிட்டேனா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. பத்தடி தூரத்தில் விடுதியும் சூடான தேநீரும் இருந்ததால் அது பயிற்சி. அவை இல்லாத இடத்தில், விரல்கள் உணர்விழந்தபின் இன்னொரு வாய்ப்பு கிடைப்பது அரிது. கொடிமலையில் நான் செய்த தவறும் இதுவே என்று அப்போதுதான் விளங்கியது: நடுங்கத் தொடங்கிய பிறகே நெருப்பைப் பற்றி நினைத்தேன், எதையும் அடுக்காமல் நேராக லைட்டரைத் தேடினேன்.

மறுபடி மூட்டும்போது முறையை மாற்றினோம். மேலே கிளையில்லாத வெளியில், மணிக்கட்டுக் கனமுள்ள பச்சைக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி ஒரு மேடை அமைத்தோம். ஆழம் குறைவான பனியென்றால் தரை தெரியத் தோண்டிவிடலாம். அங்கே இடுப்பளவு பனி இருந்ததால் மேடைதான் வழி. ஒரு காய்ந்த கட்டையைப் பிளந்து, அதன் உட்பகுதியைக் கத்தியால் சீவிச் சீவி, சுருள்கள் கட்டையிலேயே ஒட்டி நிற்கும்படி விட்டோம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பின்னரே, அதுவரை அக்குளில் வைத்துச் சூடேற்றிய கையை வெளியே எடுத்துப் பற்றவைத்தேன். இந்த ஏற்பாடுகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கே பிப்ரவரியில் மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடுவதால், வழி தவறியவர் மூன்று மணிக்கே நடையை நிறுத்தி விறகு சேர்க்கத் தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டியின் கணக்கு.

அந்த நெருப்பில் பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சினோம். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பிறகே பனியைச் சேர்க்க வேண்டும். வெறும் பனியைப் போட்டால் அடிப்பாத்திரம் கருகி நீரும் தீய்ந்த வாடை அடிக்கும். பனிக்கட்டியை உருக்க மட்டும் செலவாகும் வெப்பம், அதே அளவு நீரைச் சுழியத்திலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கப் போதுமானது. ஒரு குவளை நீருக்கு எவ்வளவு விறகு எரிகிறது என்பதைப் பார்த்த பிறகு, நான் அடுக்கியிருந்த முதல் நாள் கட்டுகள் எவ்வளவு அற்பமானவை என்று தெரிந்தது. கூடாரத்துக்குள்ளோ பனிக்குகைக்குள்ளோ நெருப்பை எடுத்துப்போகக் கூடாது என்பதையும் அவர் பலமுறை சொன்னார். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

பினாங்கு திரும்பிய பின், காட்டுக்குள் விருப்பம்போல் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால், ஆயர் ஈத்தாமில் உள்ள அண்ணன் வீட்டுப் பின்கட்டில், மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகுகிறோம். ஐஸ் வாளிக்குள் இரண்டு நிமிடம் கைகளை வைத்திருந்துவிட்டு, அந்த விரல்களாலேயே பற்றவைக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. இங்கே பிர்ச் பட்டைக்குப் பதிலாகக் காற்றுப்புகாத டப்பாவில் சூடம். சாதாரணக் காகிதத்தில் மடித்து வைத்தால் அது ஆவியாகிக் கரைந்துபோகும். மழையில் நனைந்த கட்டையையும் நடுவில் பிளந்தால் உள்ளே காய்ந்த மரம் கிடைக்கிறது. முதல் ஞாயிறு பத்து நிமிடத்துக்கு மேல் போராடினேன். நான்காம் ஞாயிறு, தென்னம்பாளைச் சிராய்களின் நடுவே வைத்த சூடம் எரிந்து தணிவதற்குள் சுள்ளிகள் பிடித்துக்கொண்டன.

இப்போது மூன் கேட் வாசலில் கூடும்போது, அண்ணன் முதலில் கேட்பது, “தம்பி, டப்பா எங்க இருக்கு?” என்பதுதான். பையைத் திறக்காமல், சட்டையின் உட்பையைத் தொட்டுக் காட்டிவிட்டு மலையேறத் தொடங்குகிறேன்.