சரிவுதான் முதலாளி

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ஒயின் திராட்சைத் தோட்டங்களில் வேலைக்குப் போகிறவருக்கு, அங்கே முதலாளி பண்ணைக்காரர் அல்லர், மலைச்சரிவுதான் என்பது சில நாட்களிலேயே விளங்கிவிடும். பிரெம் ஊரையொட்டி எழும் கல்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 பாகையைத் தாண்டுகிறது. டிராக்டர் ஏற முடியாத அத்தகைய இடங்களில், பல்சக்கரத் தண்டவாளத்தில் ஊரும் மோனோராக் வண்டி ஆளையும் சுமையையும் மேலே கொண்டு சேர்க்கும்; மற்ற வேலை பெரும்பாலும் கைவேலைதான்.

இத்தனை பாடு எதற்கென்றால், அவ்வளவு வடக்கே தாமதமாகப் பழுக்கும் ரீஸ்லிங் திராட்சைக்கு வெயில் நேராக விழ வேண்டும். தெற்கு நோக்கிய சரிவுகளில் அது கிடைக்கிறது. பகலில் சூடேறிய சிலேட்டுப் பாறைத் துண்டுகள் இரவில் அந்தச் சூட்டைத் திருப்பித் தருகின்றன. டிரியரின் ஆட்சியாளர் கிளெமென்ஸ் வென்ஸெஸ்லாஸ், தரக்குறைவான கொடிகளை அகற்றி நல்ல ரகங்களை நடும்படி 1787-இல் ஆணையிட்டது ரீஸ்லிங் பரவ வழிவகுத்தது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, குளிர்காலக் கவாத்துக்குப் பிறகு வரும் வளைத்துக் கட்டுதல். பழைய முறைத் தோட்டங்களில் பந்தலோ கம்பியோ கிடையாது. ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனிக் கம்பு உண்டு. அதனால் வரிசை குறுக்கே நிற்காமல் சரிவில் பக்கவாட்டிலும் நடக்கலாம். விட்டுவைத்த இரண்டு குச்சிகளை இருபுறமும் வளைத்து, நுனியைக் கீழே கட்டினால் இதய வடிவம் வரும். காய்ந்த குச்சி சட்டென்று முறியும் என்பதால், இதற்கு ஈரப்பதமான நாளே ஏற்றது. நாங்கள் வெயிலை அல்ல, தூறலை எதிர்பார்த்திருப்போம். குச்சியை விரல்களால் மெல்ல முறுக்கிக்கொண்டே வளைக்கும்போது நார்கள் நெகிழும் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் நிறுத்தத் தெரிவதுதான் கைப்பழக்கம்.

அறுவடையில் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். போட்ரைட்டிஸ் பூஞ்சை பிடித்த பழம் தோல் மெலிந்து, நீர் வற்றிச் சுருங்கி, இனிப்புச் செறிந்திருக்கும். அதைத் தனி வாளியில் சேர்ப்போம். பச்சைப் பூசணம் பிடித்ததை அங்கேயே வெட்டி எறிய வேண்டும், இல்லையேல் சாறு முழுவதும் பூசண நெடி ஏறிவிடும். சாற்றின் இனிப்பை எக்ஸ்லே அளவில் கணிக்கிறார்கள்: ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூடுதல் எடையோ, அத்தனை எக்ஸ்லே. ஆனால் எண்ணை மட்டும் நம்பி அறுக்கும் அனுபவசாலியை நான் பார்த்ததில்லை; கொட்டையைக் கடித்து அதன் நிறம் பார்த்து, புளிப்பு எவ்வளவு தணிந்திருக்கிறது என்று சுவைத்த பிறகே முடிவு செய்வார்கள்.

இந்த உழைப்புக்கு ஈடான விலை பல நேரம் கிடைப்பதில்லை. புட்டியில் எந்தத் தோட்டப் பெயரைப் போடலாம் என்று வரையறுத்த 1971-ஆம் ஆண்டு ஜெர்மன் ஒயின் சட்டம் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். ‘பீஸ்போர்ட்டர் கோல்ட்ரோப்ஃகென்’ என்பது பீஸ்போர்ட் ஊரின் செங்குத்தான ஒரு குறிப்பிட்ட தோட்டம். ‘பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்’ என்ற பெயரிலோ பல ஊர்களின் சமநிலத் திராட்சையில் செய்த ஒயினையும் விற்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. கடையில் இரண்டையும் அருகருகே பார்க்கும் ஒருவர், விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போவதில் வியப்பென்ன? அந்த வித்தியாசத்தைத் தாங்க முடியாத குடும்பங்கள் முதலில் கைவிடுவது உச்சியில் உள்ள படித்தளங்களைத்தான். அங்கே ஓரிரு ஆண்டுகளிலேயே முட்புதர் ஏறிவிடுகிறது.