புல்லட் 350 இன்ஜின்: எண்ணெய் நின்ற இடத்தைத் தேடி ஐந்து மாதங்கள்

என்னிடம் இருக்கும் 1978ஆம் ஆண்டு புல்லட் 350, மேடேறும்போதெல்லாம் அடியிலிருந்து மரக்கதவைத் தட்டுவதைப் போன்ற ஒரு சத்தத்தை எழுப்பத் தொடங்கியபோது, அது வெறும் பிஸ்டன் சத்தம்தான் என்று சில வாரங்கள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பிஸ்டன் தளர்ந்திருந்தால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சத்தம் அதிகமாகவும், சூடேறிய பின் குறைவாகவும் இருக்கும். இங்கே நேர்மாறாக, எண்ணெய் சூடாகி இளகிய பிறகுதான் தட்டல் கனத்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் வலுத்தது, விட்டால் தணிந்தது. கனெக்டிங் ராடின் கீழ்முனை, அதாவது பிக் எண்ட், போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம், பிரித்த கையோடு இன்ஜினைச் சற்று வலுப்படுத்தியும் விடலாம் என்ற ஆசை அன்றைக்கே வந்துவிட்டது. அழுத்தம் கூடிய பிஸ்டன், பெரிய கார்ப்ரேட்டர், வால்வை இன்னும் உயர்த்தித் திறக்கும் கேம் என்று ஒரு பட்டியலும் எழுதி வைத்தேன். ஐந்து மாதங்கள் கழித்து வண்டி மறுபடி உயிர்பெற்றபோது, அந்தப் பட்டியலில் இருந்த ஒன்றுகூட இன்ஜினுக்குள் போகவில்லை.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டையும் சிலிண்டரையும் இன்ஜின் சட்டத்தில் இருக்கும்போதே கழற்றிவிட முடியும் என்பது இந்த வண்டியின் பெரிய வசதி. சிலிண்டர் வெளியே வந்ததும், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, ராடை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ராட் சிறிது அசைவது இயல்பு. மேலும் கீழுமாக அசைவே இருக்கக் கூடாது. எனக்கோ ஒவ்வொரு இழுப்புக்கும் ‘டக்’ என்று விரலெலும்பில் உணரும்படி ஒலித்தது. எண்ணெய் வடிகட்டியின் ஃபெல்ட் துணியை எடுத்து வெயிலில் பிரித்துப் பார்த்தபோது, அதன் மடிப்புகளில் மீன்செதில் பொடியைப் போல வெள்ளிநிறத் துகள்கள் மின்னின. பிக் எண்டில் கிராங்குக்கும் ராடுக்கும் இடையே தளர்வாகச் சுழலும் வளையமான மிதக்கும் புஷ்ஷின் மேல் பூசப்பட்ட, ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக்கலவைதான் அவை. இன்ஜினை முழுவதும் இறக்கியே ஆக வேண்டும் என்பது அத்தோடு உறுதியாயிற்று.

1949இல் இங்கிலாந்தில் உற்பத்திக்கு வந்து, 1955க்குப் பின் மதராஸில் தயாராகத் தொடங்கிய வடிவமைப்பு இது என்பதால், உள்ளே பல இடங்களில் பழைய பிரிட்டிஷ் மரைகளே இருக்கின்றன. மில்லிமீட்டர் ஸ்பேனரை ‘கிட்டத்தட்டச் சரியாகத்தான் இருக்கிறது’ என்று மாட்டித் திருகினால் போல்ட்டின் மூலைகள் உருண்டுவிடும். அந்தப் பழைய பிரிட்டிஷ் அளவுகளுக்கான விட்வொர்த் ஸ்பேனர் ஒரு தொகுதியை முதலிலேயே வாங்கியதால் அந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தேன். தப்பிக்காத இடம் வேறு. கிராங்க்கின் டைமிங் பக்க (வால்வுகளை இயக்கும் பல்சக்கரங்கள் உள்ள பக்க) முனையில், எண்ணெய்ப் பம்புகளைச் சுழற்றும், திருகு வடிவ வார்ம் பல் ஒன்று இருக்கிறது. அதன் மரை இடப்பக்க மரை, அதாவது எதிர்த்திசையில் திருகினால்தான் கழலும். இது தெரியாமல், நீளமான குழாயைக் கைப்பிடியில் செருகி, வழக்கமான திசையில் முழு பலத்தோடு திருகினேன். திருகத் திருக அது இன்னும் இறுகியது. கடைசியில் அறுகோணத்தின் இரண்டு மூலைகள் மழுங்கிவிட்டன. அன்றிரவு கையேட்டைத் திறந்தபோது, அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே இடப்பக்க மரை என்று அச்சிட்டிருந்தது. புதிய வார்ம் ஒன்று செலவுக் கணக்கில் ஏறியது.

கிராங்கின் இரண்டு சக்கரங்களையும் பிரித்து, அவற்றை இணைக்கும் ‘பின்’ என்ற தண்டை மாற்றிச் சேர்ப்பதற்கு அழுத்து இயந்திரமும் டயல் கேஜும் வேண்டும் என்பதால், அந்த ஒரு வேலையையும் சிலிண்டரைப் போர் செய்வதையும் (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவதையும்) மட்டும் லேத் பட்டறைக்குக் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் கிராங்கைக் கையில் வாங்கி, புஷ்ஷின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “இது தேய்ஞ்சு போனதில்ல தம்பி, காஞ்சு போனது. ராடை மாத்துறதுக்கு முன்னாடி எண்ணெய் எங்க நின்னுச்சுன்னு பாருங்க” என்றார். நான் எழுதி வைத்திருந்த பட்டியலை அப்போது அவரிடம் காட்டத் தோன்றவில்லை.

இந்த இன்ஜினில் எண்ணெய் போகும் வழியைச் சொன்னால்தான் அடுத்தது விளங்கும். எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லை; கிராங்கைச் சுற்றியுள்ள கூடான கிராங்க் கேஸின் வார்ப்பிலேயே ஓர் அறையாக அமைந்திருக்கிறது. அதிலிருந்து ஊட்டும் பம்ப் எண்ணெயை இழுத்து, ஃபெல்ட் வடிகட்டி வழியாகத் தள்ளி, கிராங்கின் துளையிட்ட முனைக்குள் செலுத்துகிறது. அது அங்கிருந்து பிக் எண்டுக்குப் போகிறது. கீழே வடியும் எண்ணெயைத் திரும்பும் பம்ப் மீண்டும் மேலேற்றுகிறது. கீழே எண்ணெய் தேங்கிவிடக் கூடாது என்பதற்காகத் திரும்பும் பம்பின் கொள்ளளவு ஊட்டும் பம்பைப் போல ஏறக்குறைய இரு மடங்காக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பம்புகளும் வடிகட்டியும் டைமிங் மூடியிலேயே அடங்கியிருப்பதால், கிராங்க் கேஸும் மூடியும் சந்திக்கும் முகத்தில் எண்ணெய்த் துளைகள் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்த வேண்டும்.

மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிய பிறகு, ஒவ்வொரு துளையாக வாயால் ஊதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் காற்று போனது. அதனால் அடைப்பு இல்லை என்றே முதலில் முடிவுகட்டினேன். ஆனாலும் ஒரு துளையில் ஊதும்போது மட்டும் சன்னமாக ஒரு விசில் ஒலி கேட்டது. டார்ச்சை ஒரு பக்கம் வைத்து மறுபக்கத்திலிருந்து பார்த்தபோது, வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பிறை வடிவில் தெரிந்தது. பழைய கிதார்க் கம்பி ஒன்றின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்ததில், சாம்பல் நிறத்தில், அரிசி மணியைவிடச் சற்று நீளமான ஒரு சிலிக்கோன் பசைத் துண்டு வந்து விழுந்தது. முன்பு எப்போதோ எண்ணெய்க் கசிவை நிறுத்துவதற்காக யாரோ மூடியின் முகத்தில் பசையைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். இறுக்கும்போது பிதுங்கிய பசை துளைக்குள் இறங்கி அங்கேயே உறைந்துவிட்டது. துளை முழுவதும் அடைபட்டிருந்தால் இன்ஜின் சில கிலோமீட்டரிலேயே இறுகியிருக்கும். பாதி மட்டும் அடைபட்டதால் மெதுவாக ஓடும்போது போதுமான எண்ணெய் கிடைத்து, சுமை ஏறும்போது மட்டும் பற்றாக்குறை வந்திருக்க வேண்டும். வண்டி இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே எனக்கு வியப்பு.

அதன் பிறகு ‘இதை எப்படி வேகமாக்குவது’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, எண்ணெயை எப்படி ஒழுங்காகச் சுற்ற வைப்பது என்று மட்டுமே யோசித்தேன்.

முதல் மாற்றம் பிக் எண்டில். மிதக்கும் புஷ், தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்து ஓடுவது. படலம் அறுந்த கணத்தில் உலோகமும் உலோகமும் உரசும். ரோலர் பேரிங்கோ சிறிதளவு எண்ணெய் தெளித்தாலும் சமாளிக்கும். இந்த இன்ஜினின் பம்ப் பெரிய அழுத்தம் தரக்கூடியது அல்ல என்பதால், ரோலர், புதிய பின், அதற்கேற்ற ராட் ஆகியவை சேர்ந்த தொகுதியையே தேர்ந்தெடுத்தேன். சேர்த்த கிராங்கைச் சென்டர்களுக்கு இடையில் சுழற்றி, மையம் விலகி ஆடுவதை டயல் கேஜில் 0.03 மில்லிமீட்டர் வரை குறைத்துக் கொடுத்தார் பெரியவர். செப்புச் சுத்தியலால் தட்டுவது, அளப்பது, மறுபடி தட்டுவது என்று அரைநாள் போன வேலை அது.

இரண்டாவது, பம்புகள். பம்பின் தட்டும் அது அமரும் முகமும் காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வண்டி நிற்கும்போது தொட்டி எண்ணெய் மெல்ல வழிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். என் வண்டி ஒரு வாரம் நின்ற பிறகு முதல் உதையில் பின்னால் புகைமண்டலம் எழுவதற்குக் காரணம் அதுவே. தட்டின் முகத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, தடித்த கண்ணாடியின் மேல் ஒட்டிய 1000ஆம் எண் நீர்த்தாளில் எட்டு வடிவில் தேய்த்தேன். முதல் பத்துச் சுற்றில் ஓரத்துக் கோடுகள் மட்டும் அழிந்து நடுவில் உள்ளவை அப்படியே இருந்தன. அதாவது நடுப்பகுதி குழிந்திருந்தது. எல்லாக் கோடுகளும் ஒரே சமயத்தில் அழியும்வரை தேய்த்து, பின்பு 2000ஆம் எண் தாளில் முடித்தேன். கிராங்க் முனை மூடியைச் சந்திக்கும் இடத்தில் இருந்த கார்க் வளையம் காய்ந்து பிஸ்கட்டைப் போல நொறுங்கியது. அந்த இடத்தில் எண்ணெய் வெளியேறினால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் பிக் எண்டுக்குப் போய்ச் சேராது. செயற்கை ரப்பரால் ஆன வளையத்தை அங்கே பொருத்தினேன்.

மூன்றாவது மாற்றத்தை இந்த வண்டியை வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்வேன். பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் 346 கன சென்டிமீட்டர் காற்றைக் கிராங்க் கேஸுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் இது நொடிக்கு 50 முறை நடக்கிறது. அந்தக் காற்று வெளியேற வழி போதவில்லை என்றால், எந்த இணைப்பு பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயைப் பிதுக்கும். அகலமான குழாயும், காற்றை வெளியே மட்டும் விடும் ஒருவழி வால்வும் பொருத்தியதில் பாதிக் கசிவு தானாக நின்றது. கசிவுக்கு மருந்து என்று பசையைப் பூசியவர் இந்தக் குழாயைப் பார்த்திருந்தால், பிக் எண்டும் பிழைத்திருக்கும்.

சிலிண்டர் வேலையில் புதுமை ஒன்றும் இல்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில், முன்பின் திசையில், 0.18 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. 70 மில்லிமீட்டர் போரை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினோம். ஆக, கொள்ளளவு 346இலிருந்து 351 ஆனதுதான் நான் செய்த ஒரே ‘சக்தி உயர்வு’. ரிங்கின் வாய் இடைவெளி ஒன்றில் 0.22 மட்டுமே இருந்ததால், மெல்லிய அரத்தால் உட்பக்கமாகவே ராவி 0.30க்குக் கொண்டுவந்தேன். வால்வுகளைப் பசையிட்டு அரைத்து, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிக் கசியவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

அழுத்தம் கூடிய பிஸ்டனைக் கைவிட்டதற்குக் காரணம் எளிது: கூடும் ஒவ்வொரு அழுத்தமும் நான் இப்போதுதான் காப்பாற்றிய அதே பின்னின் மீதுதான் விழும். தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் பாயிண்டுக்குப் பதிலாக மின்னணுப் பற்றவைப்பை மாட்டவும் பலர் சொன்னார்கள். அது நல்ல மாற்றம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பாயிண்ட் கெடும்போது படிப்படியாகக் கெடும், வழியில் ஒரு ஃபீலர் கேஜையும் தீக்குச்சிப் பெட்டியின் உரசும் பக்கத்தையும் வைத்துச் சமாளிக்கலாம். மின்னணுப் பெட்டி போனால் போனதுதான். புதிய கண்டென்சர் மட்டும் போட்டு, பாயிண்ட் இடைவெளியை 0.38 மில்லிமீட்டரில் வைத்தேன்.

பூட்டும்போது எந்த முகத்திலும் சிலிக்கோன் பசை பூசவில்லை. முகங்களைக் கண்ணாடியில் வைத்துச் சரிபார்த்து, காகித பேக்கிங்கில் மெல்லிய கிரீஸ் தடவி மூடினேன். அதற்கு முன் பேக்கிங்கின் ஒவ்வொரு துளையும் வார்ப்பின் துளையோடு பொருந்துகிறதா என்று பார்த்ததில், கடையில் வாங்கிய பேக்கிங்கில் ஒரு துளை விளிம்பு தள்ளியிருந்தது தெரிந்து பிளேடால் திருத்த வேண்டியிருந்தது. மூடியைப் போடுமுன் எண்ணெய்க் கேன் நுனியைக் கிராங்க் முனைத் துளையில் வைத்து, பிக் எண்டின் இரு பக்கமும் எண்ணெய் சொட்டும்வரை அழுத்தினேன். வடிகட்டி அறையையும் எண்ணெயால் நிரப்பினேன். வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான புஷ்ராடுகள் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழுமாக அசையக் கூடாது என்ற பழைய விதிப்படி, இன்ஜின் குளிர்ந்த நிலையில் டாப்பெட் இடைவெளியை வைத்தேன்.

பிளக்கைக் கழற்றிவிட்டு உதைக்கத் தொடங்கினேன். ஹெட்டுக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி வைத்திருந்தேன். 40 உதை வரை ஒன்றும் இல்லை, என் வியர்வை மட்டும் தரையில் சொட்டியது. 46ஆவது உதையில் போல்ட்டின் ஓரத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது. அடுத்ததில் தேன் நிறத்தில் எண்ணெய் கசிந்தது. பிளக்கை மாட்டி, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் நெம்பை அழுத்தி அம்மீட்டர் முள்ளைப் பார்த்து நிறுத்தி உதைத்ததில் மூன்றாவது முறை இன்ஜின் பிடித்துக்கொண்டது. தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் விட்டுவிட்டுப் பீறிட்டு, காற்றோடு கலந்து திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பும் பம்ப் பெரியது என்பதால் அது அப்படி விக்கி விக்கித்தான் வரும். தொடர்ச்சியாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

முதல் 50 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினேன். வார்ப்பில் ஒட்டியிருந்த கருந்துகள் கொஞ்சம் வந்தது. ஹெட் நட்டுகளை இன்ஜின் குளிர்ந்த பின் மறுபடி இறுக்கியதில் இரண்டு நட்டுகள் ஏறக்குறைய கால் சுற்று போயின. பழக்கும் காலத்தில் ஒரே வேகத்தில் ஓட்டாமல், ஏற்றி இறக்கி, மேட்டில் முக்கவிடாமல் ஓட்டினேன். 500 கிலோமீட்டரில் ஃபெல்ட்டைப் பிரித்து மறுபடி வெயிலில் பிடித்தேன். பஞ்சு நாரும் கறுத்த எண்ணெயும் மட்டும்தான் இருந்தன. ஒரு வாரம் நிறுத்தியபின் கிராங்க் கேஸிலிருந்து வடித்த எண்ணெய், பிரிப்பதற்கு முன் 400 மில்லிலிட்டர், இப்போது 60.

கிளட்ச் பக்க மூடியிலிருந்து மட்டும் இரவுக்கு ஒரு சொட்டு இன்னும் விழுகிறது. நடுவில் உள்ள ஒற்றை நட்டுதான் அந்த மூடி முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் ரப்பர் பழசு. புதியது வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறையில் மாற்ற வேண்டும், பசை போடாமல்.