குவாண்டம் டாட்டை ரத்தத்தில் செலுத்தும் முன்

ரத்த நாளங்களைப் படம்பிடிக்க நானோ துகள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது பிரகாசத்தைப் பற்றித்தான். ஒளி பட்டால் ஒளிரும் நுண்ணிய குறைக்கடத்தித் துகளான குவாண்டம் டாட்டுக்கு அதில் குறையே இல்லை. 2003-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாட் வெப் குழுவினர், காட்மியம் செலினைடு குவாண்டம் டாட்களைச் செலுத்தி, சுண்டெலித் தோலுக்கு அடியிலுள்ள தந்துகிகளை (மிக மெல்லிய ரத்த நாளங்களை), திசுவின் ஆழத்தைக் காட்டும் டூ-போட்டான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். படம் பாழாவது பெரும்பாலும் துகள்கள் திரண்டுபோவதால்தான்.

தண்ணீரில் தெளிவாக இருந்த துகள் சலைனைக் (உப்புக் கரைசலை) கண்டதும் திரளும். மேற்பரப்பிலுள்ள மின்னூட்டம்தான் துகள்களை ஒன்றிடமிருந்து ஒன்று விலக்கி வைத்திருக்கும். உப்பு அந்த விலக்கலை மங்கச் செய்துவிடும். உப்பில்லாத சர்க்கரைக் கரைசலான 5% டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் சிரிஞ்சுக்குள் தப்பிக்கலாம். ஆனால் ரத்தத்திலும் உப்பு இருக்கிறதே! துகள்களை ஒட்டாமல் காக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பாலிமர் பூச்சு சரியாக ஏறியிருந்தால் மட்டுமே அங்கேயும் தாங்கும்.

அதற்கு ஒரு எளிய சோதனை: 10 மைக்ரோலிட்டர் துகள் கரைசலை 90 மைக்ரோலிட்டர் சுண்டெலி சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். மூடுபனிபோல் சீராக ஒளிர்ந்தால் நல்லது. பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் அந்தக் குப்பியைத் தொடாதீர்கள். வால் சிரையில் ஏற்றியது முதலில் போய்ச் சேருவது நுரையீரலுக்கு. திரள்கள் அங்கேயே அடைத்துக்கொள்ளும், எலி மூச்சுத் திணறும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் நிறம் தங்கினாலும் இதே அர்த்தம்தான். கரைசலை 4 டிகிரியில் வையுங்கள், ஒருபோதும் உறையவிடாதீர்கள்.

25 கிராம் சுண்டெலிக்கு ஏறத்தாழ 2 மில்லி ரத்தம். 100 மைக்ரோலிட்டர் செலுத்தினால் சுமார் 20 மடங்கு நீர்த்துப்போகும். செறிவை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். ஊசிக்கு முன் வாலை வெதுவெதுப்பாக்கினால் சிரை புடைக்கும்.

படத்தில் ஒளிர்வது துகள் கலந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி மட்டும்தான். சிவப்பணுக்கள் கருநிழலாக ஒன்றன்பின் ஒன்றாக நழுவிப் போவதைப் பார்க்க அத்தனை அழகு! தந்துகியின் நீளவாக்கில் ஒரே கோட்டை நொடிக்கு 1,000 முறை ஸ்கேன் செய்தால் அந்த நிழல்கள் சாய்கோடுகளாக விழும். ஒரு ஸ்கேன் வரிக்கு நிழல் 1 மைக்ரான் நகர்ந்தால் வேகம் நொடிக்கு 1 மி.மீ.

நாளத்தின் ஓரம் கலங்கலாகிறதா? ஸ்கேன் செய்த இடத்தில் மட்டும் என்றால் லேசர் சுட்டிருக்கிறது, திறனைக் குறையுங்கள். எங்கும் அப்படியே என்றால், நீங்கள் செலுத்தியது குவாண்டம் டாட் அல்லாமல் சாயம் ஏற்றிய வேறு நானோ துகளாக இருக்கும்பட்சத்தில், சாயம் கழன்று கசிகிறதா என்று பாருங்கள்.

சுமார் 5.5 நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள் சிறுநீரில் எளிதில் வெளியேறாது; கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும். காட்மியம் துகள் மனிதருக்கு ஏற்றதல்ல. மனிதரின் ரத்த நாளங்களைப் பார்க்க அறுவை அரங்கில் பயன்படுவது இண்டோசயனின் கிரீன் சாயம். சோதனை முடிந்த எலியின் உடலையும் சாதாரணக் கழிவோடு போடாமல், காட்மியம் கலந்தது என்று எழுதி ஒட்டித் தனியே ஒப்படையுங்கள்.