போடிமெட்டு இறக்கம்

போடிநாயக்கனூரில் புல்லட் விற்பவன் காலையில் முதலில் பார்ப்பது ஏலக்காய் விலையைத்தான். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, ஆடி மாதம் என்றும் பார்க்காமல் ஆட்கள் வந்து புக்கிங் போட்டார்கள். "வண்டிய ஆவணியில எடுத்துக்கிறேன், கலரை மட்டும் பிடிச்சு வைங்க." விலை சரிந்தால் அதே ஆட்கள் டயர் மாற்றுவதைக் கூட அடுத்த பறிப்புக்குத் தள்ளிப்போடுவார்கள்.

நான் சர்வீஸ் பிரிவில் ஜாப் கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். டெலிவரி அன்று பூமாலை, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், குடும்பத்தோடு போட்டோ. அதற்கு நடுவே ஆயில், செயின், 500 கிலோமீட்டரில் முதல் சர்வீஸ் என்று ஒப்பிப்பேன். யார் காதிலும் விழாது என்று தெரிந்தேதான்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வண்டி எடுத்த பையன், ஞாயிற்றுக்கிழமை மூணாறு போய்த் திரும்பும்போது போடிமெட்டு மலைப்பாதை இறக்கத்தில் மண்மேட்டில் மோதி விழுந்தான். முழங்கை சிராய்ப்பு, வளைந்த ஹேண்டில்பார், அதோடு போனது. மறுநாள் அவன் அப்பா வந்தார்.

"பிரேக் பிடிக்காத வண்டியக் குடுத்துட்டீங்களே, தம்பி?"

எங்கள் மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் லைனிங் கருகி, கண்ணாடி போலப் பளபளத்தது. பையனிடம் கேட்டார், "எந்த கியர்ல எறங்குன?"

"நியூட்ரல்ல. பெட்ரோல் மிச்சமாகும்னு..."

பதினேழு கொண்டை ஊசி வளைவும் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். "ஏறுன கியர்லதான் எறங்கணும்" என்பது தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொன்னியா?" நான் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் கடை வைத்துக்கொண்டு, டெலிவரி அன்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஷோரூமில் ஒரு ரைடிங் குழு ஏற்கெனவே இருந்தது. விற்பனைக்காக ஆரம்பித்ததுதான், ஒரே மாதிரி டீ-சர்ட், மெட்டில் டீ, ஒரு குரூப் போட்டோ. அந்த விபத்துக்கு அப்புறம் மெக்கானிக் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். புது வண்டிக்காரர்கள் காலை ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். அடிவாரத்தில், முந்தலில், எல்லோரையும் நிறுத்தி ஒவ்வொரு பின்சக்கர பிரேக் டிரம்மிலும் விரலால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார். (ஊற்றக் கூடாது, தெளிக்கத்தான்.) சொய்ங் என்றால் அன்றைய டீச்செலவு அந்த வண்டிக்காரருடையது. முதல் மாதம் முழுக்க அந்தப் பையன்தான் காசு கொடுத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவும் வந்தார், தன்னுடைய பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில். மெக்கானிக் தயங்கினார்.

"இதுல கியரே இல்லையேண்ணே?"

"இருபது வருசமா இதுலதான் மூட்டையோட எறங்குறேன், வாங்க."

எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார். தண்ணீர் தெளித்தோம். சத்தமே இல்லை. மெக்கானிக் குனிந்து டிரம்மைக் கையால் தொட்டே பார்த்துவிட்டார்.

"எப்படிண்ணே?"

"நடுவுல ரெண்டு எடத்துல நின்னு பீடி குடிச்சேன்" என்றார்.