சாலைக்கு அடியில் ஓர் ஒளியிழை

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் சிவாஜி நகர், டேனரி ரோடு ஆகியவற்றின் நெருக்கமான தெருக்களுக்குக் கீழேதான், காளேன அக்ரஹாராவிலிருந்து நாகவாரா செல்லும் மெட்ரோ தடத்தின் 13.76 கிலோமீட்டர் சுரங்கப் பகுதி ஓடுகிறது. கெட்டியான பாறையும், சிதைந்து மண்ணாகிப்போன பாறையும், நடுவே புதைந்த உருண்டைக் கற்களும் சில மீட்டருக்குள் மாறிமாறி வரும் நிலம் இது. சுரங்க இயந்திரம் கற்களோடு போராடும்போது பக்கத்து இளகிய மண் கூடுதலாகச் சரிந்து உள்ளே வந்துவிட்டால் மேலே வெற்றிடம் உண்டாகும். சாலையின் கெட்டியான மேல்தளம் அதைப் பல நாள் தாங்கி நிற்பதால், சாலைமீது பதித்த குறிகளின் மட்டத்தை எவ்வளவு கவனமாக அளந்தாலும் ஆபத்து தெரியாமல் போகலாம்.

மேல்தளத்துக்குக் கீழே ஒளியிழைக் கேபிளைப் புதைத்து வைப்பதை நான் வலியுறுத்துவது இதனால்தான். இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பினால், அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சிறிதளவு ஒளி சிதறித் திரும்புகிறது. அது திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் இடத்தைக் காட்டும். இழையில் இயல்பாகவே இருக்கும் நுண்ணிய ஒலி அதிர்வுகளில் பட்டு ஒளி சிதறுவதைப் பிரில்லுவான் சிதறல் என்பார்கள்; அதில் ஒளியின் அதிர்வெண் ஏறத்தாழ 11 கிகாஹெர்ட்ஸ் விலகுகிறது. மண் நகர்ந்து இழை பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீண்டால் அந்த விலகல் சுமார் 0.05 மெகாஹெர்ட்ஸ் மாறும். சிக்கல் என்னவென்றால், வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தாலே சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் மாறிவிடும். அதாவது வெயிலும் மழையும் மண் நகர்ந்ததைப் போன்ற தோற்றத்தைத் தந்துவிடும். ஆகவே மண்ணின் இழுவிசை எட்டாதபடி குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும் இரண்டாவது இழை ஒன்று அவசியம். அதில் வெப்பநிலையை மட்டும் அளக்க, சர் சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த சிதறலையும் பயன்படுத்தலாம். அவர் வாழ்ந்து மறைந்த ஊரில் அது மண்ணைக் காக்க உதவும் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

கருவியைவிடப் பதிக்கும் வேலையே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. இழை தன் நீளவாக்கில் ஏற்படும் மாற்றத்தையே உணர்கிறது. கேபிளின் உறை வழுவழுப்பாக இருந்தாலோ, குழியை மூடிய மண் சரியாக இறுக்கப்படாவிட்டாலோ, மண் நகர்ந்தாலும் கேபிள் உடன் நகராது. அப்போது கருவியின் திரையில் கோடு அமைதியாகத் தெரிந்தாலும் அதை நம்ப முடியாது.

பெங்களூரிலேயே ஹெப்பாள்–சில்க் போர்டு இடையே சுரங்கச்சாலை திட்டமிடப்பட்டிருக்கிறது. அங்கே இயந்திரம் இறங்குவதற்கு முன்பே கேபிளைப் பதித்து, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் அடிப்படை அளவீடாகச் சேர்த்து வைக்க வேண்டும். தோண்டத் தொடங்கிய பிறகு பதித்தால், நிலம் அதற்கு முன் எப்படி இருந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வழியே இருக்காது.